சகலை வாங்கிய டீசல் டேங்க்

லஃப்தாவுக்கும் தாகிலுக்கும் ஒரே நாளில் கல்யாணம். அக்காள் நஜியாவை லஃப்தா கட்டினான், தங்கை ஹஸ்னாவைத் தாகில் கட்டினான். விருந்தில் மாப்பிள்ளைக்கு மரியாதையாக வைக்கும் ஆட்டுத் தலை தாகிலின் சோற்றுத் தாம்பாளத்தில் முழுசாக இருந்தது. லஃப்தாவின் தாம்பாளத்தில் பாதித் தலைதான். பரிமாறியவன் அவசரத்தில் செய்திருப்பான், வேறு யாரும் அதைப் பார்க்கக்கூட இல்லை. லஃப்தா பார்த்தான். முப்பத்தோரு வருஷம் ஆகியும் அந்த அரைத் தலை அவன் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த விருந்தின் தொடர்ச்சியாகத்தான் அவனுக்குப் பட்டது. தாகிலுக்கு மூன்று பையன்கள், தனக்கு ஒரே பெண். தாகிலின் ரொட்டிக் கடையில் விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும், தன் கதவைத் தட்டுகிறவன் டீசல் நாற்றத்தோடு வருவான். லஃப்தாவின் தொழில் டேங்க் துடைப்பது. எங்கள் ஊர் திவானியாவில் அரசாங்கக் கரண்டை நம்பி யாரும் விசிறிகூடப் போடமாட்டார்கள். தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு ஒரு டேங்க், டேங்குக்கு வருஷம் ஒருமுறை லஃப்தா. இதல்லாமல் சந்து முனையில் சொந்தமாகச் சின்ன ஜெனரேட்டர் ஒன்றை வைத்து நாற்பது வீடுகளுக்கு லைன் கொடுத்துக்கொண்டிருந்தான். அது இருமிக்கொண்டே ஓடும்.

போதாக்குறைக்கு அவன் கண் பொல்லாத கண் என்று பெயர். ஒரு தடவை ஒருவன் வீட்டு ஃபிரிஜ்ஜைப் பார்த்து, "என்னமா ஐஸ் கட்டுது!" என்று சொல்லிவிட்டான். மறுநாள் ஃபிரிஜ் போய்விட்டது. அந்த ஃபிரிஜ்ஜுக்கு வயது பதினெட்டு, போகவேண்டிய வயதுதான். ஆனால் கண் பட்டது என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் பேச்சு அத்தோடு முடிந்தது. பிறகு ஒரு மாப்பிள்ளைக் காரின் கண்ணாடி, பிறகு ஒருவனுடைய கறவை எருமை, எல்லாம் அவன் கணக்கில் ஏறின. அவனைப் பார்த்தாலே ஜனங்கள் அழ ஆரம்பித்தார்கள். மாடி வீடு கட்டினவன் மழை ஒழுகுகிறது என்பான். பையனை டாக்டருக்குப் படிக்க வைக்கிறவள் அவன் சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்று மூக்கைச் சிந்துவாள். சந்தோஷமான ஒரு மனிதனை நேருக்கு நேர் பார்த்து லஃப்தாவுக்கு வருஷக்கணக்காகிறது.

மகள் விஜ்தானைத் தாகிலின் மூத்த பையனுக்குத்தான் கொடுத்திருந்தான். அக்காள் தங்கை பிள்ளைகள் கட்டிக்கொள்வது எங்கள் ஊரில் வழக்கம்தான். பதினொரு வருஷம் வயிறு திறக்கவில்லை. இப்போது ஒன்பதாவது மாதம். இந்த ஒரு விஷயத்தில் லஃப்தா முன்கூட்டியே தீர்மானம் செய்துவிட்டான்: குழந்தை பிறந்ததும் அதன் காதில் முதல் பாங்கை ஓதுவது தான்தான், தாகில் இல்லை. அதைக் கையில் வாங்கும் முதல் ஆண்பிள்ளையும் தான்தான். மற்ற எல்லாவற்றையும் தாகில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

ஜூலை மாதம் ஒரு காலையில் தாகில் வந்தான், கையில் இரண்டு டஜன் சூடான ரொட்டியோடு.

"சகல, ஒரு பழைய டேங்க் வாங்கித் தொலைச்சிருக்கேன். அஞ்சாயிரம் லிட்டர். மூடிப்போன செங்கல் சூளையில கெடந்துச்சு. உள்ள கசடு முழங்கால் வரைக்கும் நிக்குது. நீ கை வெச்சாத்தான் உண்டு."

"ரொட்டி அடுப்புக்கு எதுக்குய்யா அஞ்சாயிரம் லிட்டர்? ஊரையே சுடப் போறியா?"

"இல்ல, ஜெனரேட்டர் ஒண்ணு போடலாம்னு..."

லஃப்தா ரொட்டியைக் கீழே வைத்தான். "புதுசா?"

"புதுசுக்கு எங்க போவேன்! ஓட்டை ஒடசல். கரும்புகையா கக்குது. நல்லா மாட்டிக்கிட்டேன்னு வெச்சுக்கயேன். உன் லைனுக்கு இதால ஒண்ணும் வராது சகல, உன் வீடுங்க உனக்கு."

அவன் போனதும் லஃப்தா ரொட்டியை நஜியா பக்கம் தள்ளிவிட்டுப் புலம்பினான். வயிறு எரிந்தது. ரொட்டிக்காரனுக்கு ஜெனரேட்டர் எதற்கு? தனக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே தொழிலிலும் அவன் வந்து பாயை விரித்து உட்கார வேண்டுமா?

"போகலைன்னா பொறாமைம்பாங்க, போனா கண்ணு வைக்க வந்தான்ம்பாங்க" என்றாள் நஜியா. மகள் பேரைச் சொல்லி விஜ்தானின் அப்பா என்றுதான் புருஷனைக் கூப்பிடுவாள். "போயிட்டு வாங்க அபூ விஜ்தான். பொண்ணையாவது கண்ணால பாத்துட்டு வரலாம்."

போனான். தாகில் வீட்டு முற்றத்தில் கிடந்த டேங்கில் வேலை மூன்று விடியற்காலை பிடித்தது. வெயில் ஏறிவிட்டால் இரும்புக்குள் மனிதன் வெந்துபோவான், அதனால் எட்டு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். மேல்மூடியைத் திறந்து முன்பே இரண்டு நாள் காற்றாடப் போட்டிருந்தான். மிச்சமிருந்த டீசலை இறைத்தான், டேங்கின் வாயில் ஒரு விசிறியை வைத்து உள்ளே காற்றை ஊதவிட்டான், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். இரும்புச் சுரண்டி தீப்பொறி போடும் என்பதால் மரச் சுரண்டிதான். அடியில் கறுத்த மண்டி களியாக உறைந்திருந்தது. அதை வாளி வாளியாக அள்ளி மேலே கொடுத்தான், மரத்தூளைத் தூவி ஈரத்தை உறிஞ்ச வைத்தான், சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தான், பழந்துணியால் ஒற்றினான். பிறகு விரல் முட்டியால் தகடு முழுக்கத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். துரு தின்ற இடத்தில் சத்தம் செத்துக் கேட்கும். எங்கும் சாகவில்லை. நல்ல கனத்த தகடு, இன்னும் முப்பது வருஷம் உழைக்கும். தாகிலுக்குக் குப்பையில்கூடத் தங்கம் கிடைக்கிறது என்று உள்ளே உட்கார்ந்தபடியே பொருமினான்.

டேங்கில் ஆள் இறங்கினால் மேலே இருப்பவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளிருந்து பதில் நின்றால் கேள்வி கேட்காமல் கயிற்றை இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைத் தாகில் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. மூன்று நாளும் கடையை விட்டுவிட்டு மேல்வாயில் குப்புறப் படுத்துக்கொண்டு அவனே பிடித்திருந்தான்.

"சகல, இருக்கியா?"

"இருக்கேன்."

"ரொட்டி மாவு விலை ஏறிப்போச்சு. கடைய மூடிரலாமான்னு இருக்கு. இருக்கியா?"

"இருக்கேன்யா, எங்க போவேன்?"

"சின்னவன் பரீட்சையில கோட்டை விட்டுட்டான். ஹஸ்னாவுக்கு முட்டிவலி. என் பாடு நாய் படாத பாடு. இருக்கியா?"

சின்னவன் மாவட்டத்தில் மூன்றாவதாகத் தேறியது லஃப்தாவுக்குத் தெரியும். ஹஸ்னா போன வாரம் கல்யாண வீட்டில் ஆடியதும் தெரியும். தன் உயிரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டிருக்கிறவன் தன்னிடமிருந்து சந்தோஷத்தை ஒளித்துவைக்கிறான். எதற்கு நன்றி சொல்வது, எதற்குக் காறித் துப்புவது என்று தெரியாமல் அவன் மண்டியைச் சுரண்டினான்.

மூன்றாம் நாள் வெளியே வந்து முகம் கழுவும்போது முற்றத்து மூலையில் தார்ப்பாய் போர்த்தி, நாலு பக்கமும் கயிறு கட்டி வைத்திருந்ததைப் பார்த்தான். தாகில் உள்ளே போன சமயம் ஒரு ஓரத்தைத் தூக்கினான். மஞ்சள் பெயின்ட் பளபளத்தது. பிளாஸ்டிக் உறைகூடக் கிழிபடாத புத்தம்புது ஜெனரேட்டர். அதன் நெற்றியில் ஏழு துளை போட்ட நீலக்கல், கண்ணேறுக்கு. யாருடைய கண்ணுக்கு? இந்த முற்றத்துக்குள் மூன்று நாளாக வந்துபோகிற அந்நியன் அவன் ஒருவன்தானே.

அதைக்கூட விழுங்கியிருப்பான். ஹஸ்னா டீ கொண்டுவந்தாள். மூன்று நாளும் அவள்தான் கொண்டுவந்தாள்.

"விஜ்தான் எங்க?" என்று கேட்டான்.

"அவளுக்குக் கால் வீங்கிக் கெடக்கு மச்சான். எந்திரிக்க முடியல. பாவம், சோறு எறங்கல."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, சமையலறையிலிருந்து விஜ்தானின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு, அவன் தூக்கி வளர்த்த சிரிப்பு. ஹஸ்னாவின் முகம் சிவந்தது. லஃப்தா டீயைக் குடித்து முடித்தான். தார்ப்பாய்க்குக் கீழே ஜெனரேட்டரை ஒளித்ததுபோல உள்ளே தன் பெண்ணின் வயிற்றை ஒளித்திருக்கிறார்கள். அவளும் ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

கிரேன் வந்து டேங்கைத் தூக்கியது. இரண்டு இரும்புக் கால்கள் மேல் படுக்கவாட்டில் உட்கார வைக்க வேண்டும். டீசலில் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் வரும், இரவுக் குளிரில் டேங்கே வியர்த்தும் கொஞ்சம் சேரும். தண்ணீர் கனம், அடியில் போய் நிற்கும். அதனால் எஞ்சினுக்குப் போகும் குழாய்ப் பக்கம் இரண்டு விரல் உயரவும், வடிகுழாய்ப் பக்கம் தாழவும் வைப்பார்கள். வாரம் ஒருமுறை வடிகுழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடிவிடும். இது டேங்க் வேலையின் அரிச்சுவடி.

"மட்டம் நீ பாத்துக்க சகல, எனக்கு என்ன தெரியும்" என்றான் தாகில்.

லஃப்தா ரசமட்டத்தை வைத்தான், கண்ணைச் சுருக்கினான். இரண்டு விரல் கனத்தில் ஓர் இரும்புத் தகட்டை எடுத்து வடிகுழாய்ப் பக்கத்துக் காலுக்கு அடியில் கொடுத்தான். கிரேன்காரன் இறக்கினான். டேங்க் எஞ்சின் பக்கம் சாய்ந்து சாதுவாக உட்கார்ந்தது. இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவனே நினைக்கவில்லை. வீட்டுக்குப் போய் வெண்டைக்காய்க் குழம்பு ஊற்றி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். நஜியாவுக்கு ஆச்சரியம்.

பத்து நாளில் ஆண் குழந்தை பிறந்தது. லஃப்தா ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாங்கு ஓதியாகிவிட்டது, தாகில் ஓதினான். வீட்டுக்கு ஓடினால் ஹஸ்னா வாசலில் நின்றாள். "இப்பத்தான் தூங்குச்சு மச்சான். நாற்பது நாள் போகட்டும். பூஞ்சைப் புள்ள, கறுவலு, பாக்க ஒண்ணும் இல்ல."

பூஞ்சையாம்! நாலு கிலோ என்று ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸே சொல்லிவிட்டாள்.

தாகிலின் ஜெனரேட்டர் சத்தமே இல்லாமல் ஓடியது. வீடுகள் ஒவ்வொன்றாக லஃப்தாவின் லைனை அறுத்துக்கொண்டு அங்கே போயின. தாகில் யாரையும் கூப்பிடவில்லைதான். ஆனால் இருமுகிற மெஷினை விட்டுவிட்டு ஓடுகிற மெஷினுக்குப் போக யாருக்கும் அழைப்பு வேண்டியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தாகில் அவனைக் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டான். "வாரா வாரம் வடிகுழாயத் தொறந்து பாக்குறேன் சகல, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. சுத்தமான டீசல்தான் வருது. நீ துடைச்ச துடைப்பு அப்பிடி!" லஃப்தா தலையாட்டினான். தண்ணீர் எந்தப் பக்கம் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும்.

ஐந்தாவது வாரம், பகல் இரண்டு மணிக்கு, ஐம்பது டிகிரி வெயிலில், தாகிலின் ஜெனரேட்டர் மூன்று தடவை திணறி நின்றது. தெருவே வாசலுக்கு வந்தது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தான். டீசலோடு தண்ணீர் போயிருக்கிறது, பம்பும் டீசலைப் பீச்சும் நாசிலும் வெந்துவிட்டன என்றான். டேங்க் வடிகுழாயைத் திறந்தார்கள். தெளிந்த டீசல். அப்படியானால் டேங்கில் குற்றமில்லை. டீசல் லாரிக்காரனைப் பிடித்தார்கள். அவன் மகான் அப்பாஸ் பேரில் சத்தியம் செய்தான். அந்தப் பேரில் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் ஊரில் திருடன்கூடத் துணியமாட்டான். அதனால் அவனும் தப்பினான். மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"தார்ப்பாயத் தூக்கிப் பாத்தாரு, நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன்" என்றாள் ஹஸ்னா. "புதுசுன்னு தெரிஞ்சிருச்சு. வெச்சுட்டாரு கண்ண!"

கண்ணேறு கழிய வீடு முழுக்கச் சாம்பிராணியும் ஹர்மல் விதையும் புகைந்தன. லஃப்தாவிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை. கண்ணிடம் யார் சத்தியம் கேட்பார்கள்? மாலையில் தாகிலே வந்தான். உள்ளே வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"பொம்பளைங்க பேச்சு சகல, மனசுல வெச்சுக்காத. உன் மேல தப்பு இல்ல. கண்ணு ஆண்டவன் குடுத்தது, நீ என்ன செய்வே? ஆனா புள்ளைக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும்... கொஞ்சம் தள்ளியே இருந்துக்க. விஜ்தானே சொல்லிட்டா."

ஒரு வருஷம். நாற்பது நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வருஷம்.

வீடுகளெல்லாம் அவன் லைனுக்குத் திரும்பி வந்தன. அவன் ஆசைப்பட்டபடி. இருமுகிற மெஷினை ஜனங்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். நாலு நாள் அந்தப் புகழ் இனித்தது. பிறகு நஜியா தினமும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வர ஆரம்பித்தாள். வரும்போது அவள் துணியில் பால் வாசனை. "தாகிலோட விரலப் பிடிச்சா விடமாட்டேங்கறான் பய. அவன் குரல் கேட்டா அழுகைய நிறுத்திடறான். தாத்தா யாருன்னு அதுக்குத் தெரியுது பாருங்களேன்" என்பாள், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

லஃப்தா மனம் திருந்தினான் என்று நான் சொன்னால் அது பொய். அவனுக்கு எரிந்தது, அவ்வளவுதான். ஜெனரேட்டரைப் பார்த்து எரிந்ததைவிடப் பத்து மடங்கு எரிந்தது. வைக்காத கண்ணுக்காக அவனைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அதற்குள் அந்தத் தாகில் குழந்தையின் கை விரல்களைத் தினம் எண்ணிக்கொண்டிருக்கிறான். நாற்பதாம் நாள் காலை ரசமட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டான்.

அங்கே மெக்கானிக் புதுப் பம்பு மாட்டி முடித்திருந்தான். தாகில் சாவியில் கை வைத்திருந்தான். ஹஸ்னா லஃப்தாவைப் பார்த்ததும் உள்கதவைச் சாத்தப் போனாள்.

"ஸ்டார்ட் பண்ணாதே!" என்று கத்தினான் லஃப்தா. "பண்ணினா இதுவும் வேகும்."

நேராகப் போய் ரசமட்டத்தை டேங்க் மேல் வைத்தான். குமிழி வடிகுழாய்ப் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, கண்ணாடிக் குவளையில் பிடித்தான். முதலில் வந்தது கலங்கிய தண்ணீர். குவளை பாதி நிறைந்த பிறகுதான் டீசல் வந்தது.

"பாத்தியா? கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. டேங்க் தலைகீழா சாஞ்சிருக்கு. வடிகுழாய்ப் பக்கம் தகடு குடுத்திருக்கு. குடுத்தது நான். தெரிஞ்சுதான் குடுத்தேன். என் கண்ணுல ஒரு கோளாறும் கெடையாது. அந்த ஃபிரிஜ்ஜும் நான் இல்ல, எருமையும் நான் இல்ல. இது ஒண்ணுதான் நான்." மூச்சு வாங்கியது. "இப்பக் குடுங்க என் பேரனை."

மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே போய்விட்டான். தாகில் அந்தக் குவளையை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பிறகு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தான்.

"மூணு நாள்" என்றான். "மூணு நாள் கயித்தப் பிடிச்சிட்டுப் படுத்திருந்தேன் சகல. உள்ள சத்தம் கொஞ்சம் நின்னா எனக்கு மூச்சு நின்னுச்சு."

அவன் திட்டியிருந்தால் லஃப்தா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். அரைத் தலையிலிருந்து ஆரம்பித்து முப்பத்தோரு வருஷத்தையும் எடுத்துக் கொட்டியிருப்பான். அதற்குப் பதிலாக ரசமட்டத்தை எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

ஹஸ்னா சாத்தப் போன கதவைத் திறந்துகொண்டு விஜ்தான் வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. தோளில் குழந்தை. ஹஸ்னா, "புள்ள மேல துணியப் போடுடி" என்று பதறினாள்.

"எதுக்குத் துணி? அதான் கண்ணுல கோளாறு இல்லைங்கறாரே."

அவள் அப்பாவுக்கு முன்னால் மூன்று எட்டு தள்ளி நின்றாள். குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி, முகம் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள். கொழுகொழுவென்று இருந்தான். வெளிச்சத்துக்குக் கண் கூசி முகத்தைச் சுளித்தான். லஃப்தா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓர் அடி வைத்தான். விஜ்தான் ஓர் அடி பின்னால் போனாள்.

"கண்ணுன்னு நெனச்சப்ப எனக்கு உங்க மேல கோவமே இல்ல பாபா. பாவம், அவர் என்ன செய்வார்னு அழுதேன். இது நீங்க செஞ்சது." குழந்தையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். "பாருங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நின்னு பாருங்க, யாரும் தடுக்கமாட்டாங்க. கையில மட்டும் தரமாட்டேன்."

லஃப்தா நின்று பார்த்தான். குழந்தையின் கண்கள் முற்றத்தைச் சுற்றி அலைந்து தாகில் மேல் போய் நின்றன. லஃப்தா அதைக் கவனிப்பதைக் கண்டு தாகில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.